அண்ணலை நிற்கச் சொல்லாத காமிரா

மர்பி டவுனில் பழைய குடும்பங்கள் பலவற்றின் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் கைகளைக் கட்டியபடி நிற்பார். பின்னால் ஸ்டூடியோக்காரர் தொங்கவிட்ட திரையில் ஒரு மாளிகையும் இரண்டு மரங்களும் தெரியும். இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. பிழைப்புத் தேடி கண்டோன்மென்ட் பக்கம் வந்தவர்கள், தாங்கள் நலமாக இருப்பதை ஊரில் உள்ளவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட படம் அது. ஸ்டூடியோக்காரர் அசையாதே என்றார். அவர்களும் அசையவில்லை.

காலம் மாறிவிட்டது. இன்று கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும்போதே இரண்டு படக்காரர்களுக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். ஒருவர் மேடையில் வரிசையாக நிற்க வைத்து எடுப்பவர். இன்னொருவர் கேண்டிட் படக்காரர். அவர் யாரையும் நிற்கச் சொல்லமாட்டார். மணப்பெண்ணின் தாய் மூலையில் கண்ணைத் துடைப்பதையும், பந்தியில் பெரியவர் பாயசத்துக்குக் கை காட்டுவதையும் அவர்கள் அறியாமலே எடுத்துக்கொள்வார். ஆல்பம் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அந்தப் படங்களைத்தான்.

இது ஏதோ புதிய நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1938-ம் ஆண்டிலேயே இந்த முறையில் படம் எடுக்கத் தொடங்கி, பத்து ஆண்டுகள் அதைத் தவம் போல் செய்த ஒருவர் இந்தியாவில் இருந்தார். அவர் எடுத்தது கல்யாணங்களை அல்ல. ஒரே ஒரு மனிதரை. அந்த மனிதர் மகாத்மா காந்தி. எடுத்தவர் கனு காந்தி.

ஆசிரமத்துப் பிள்ளை

கனு 1917-ல் பிறந்தவர். காந்தியடிகளுக்குப் பேரன் முறை. அடிகளின் பங்காளி முறைச் சகோதரர் குஷால்சந்த். அவருடைய மகன் நாரண்தாஸ் காந்தி. அந்த நாரண்தாசின் பிள்ளைதான் கனு. நாரண்தாஸ் சபர்மதி ஆசிரமத்தின் நிர்வாகத்தைச் சுமந்தவர். கணக்கு வழக்கில் ஒரு பைசா பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்த ஆசிரமத்தில்தான் கனு வளர்ந்தார். விடியுமுன் எழுவது, பிரார்த்தனை, நூல் நூற்பது, கழிப்பறை கழுவுவது ஆகியவைதான் அவருடைய பள்ளிப்பாடம். சட்டமறுப்புக் காலத்தில் இளவயதிலேயே சிறைக்கும் போய் வந்தார்.

பிறகு அவருக்குப் படித்து வேறு தொழிலுக்குப் போகும் ஆசை வந்தது. பெற்றோர் அவரை அண்ணலிடமே அனுப்பிவைத்தார்கள். அப்போது காந்தியடிகள் வார்தாவுக்கு அருகே சேவாகிராமத்தில் குடியேறியிருந்தார். கனுவுக்கு அங்கே கிடைத்தது குமாஸ்தா வேலை. வந்த கடிதங்களைப் பிரிக்க வேண்டும். போகும் கடிதங்களைப் பதிய வேண்டும். கணக்கு எழுத வேண்டும். பயணத்தின்போது மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டின் தலைவர்களெல்லாம் வந்து போகும் இடத்தில், அவர்கள் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்து பேனா பிடித்த இளைஞர் அவர்.

அந்த மூலையிலிருந்துதான் அவர் உலகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

நூறு ரூபாய் காமிரா

ஆசிரமத்தில் வினோபா பாவேயின் தம்பி சிவாஜி பாவே இருந்தார். கனுவின் மனத்தில் புகைப்பட ஆசையை வளர்த்தவர் அவர்தான். ஆசை வந்துவிட்டது. காமிரா எங்கே? கனு நேராக காந்தியடிகளிடமே போய்க் கேட்டார். ஆசிரமப் பணத்தில் காமிரா வாங்க இடமில்லை என்று அண்ணல் மறுத்துவிட்டார். ஏழைகளுக்காக மக்கள் தந்த பணம் அது. அதில் படம் பிடித்து விளையாட முடியாது என்பது அவர் கணக்கு.

விஷயம் தொழிலதிபர் கன்சியாம்தாஸ் பிர்லாவின் காதுக்குப் போனது. அவர் நூறு ரூபாய் கொடுத்தார். அந்நாளில் நூறு ரூபாய் சிறிய தொகை அல்ல. அதில் கனு ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவும் ஒரு பிலிம் சுருளும் வாங்கினார்.

காமிரா கைக்கு வந்ததும் அண்ணல் மூன்று நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, பிளாஷ் வெளிச்சம் போடக்கூடாது. இரண்டாவது, படத்துக்காக இப்படி நில்லுங்கள், இங்கே பாருங்கள் என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. மூன்றாவது, படச் செலவுக்கு ஆசிரமம் ஒரு காசு கூடத் தராது.

வேறொருவராக இருந்தால் காமிராவை மூட்டை கட்டி வைத்திருப்பார். வெளிச்சம் இல்லை. ஒத்துழைப்பு இல்லை. பணமும் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் படம் எடுப்பது எப்படி?

கனு மூன்றுக்கும் தலையாட்டினார். அந்த மூன்று தடைகளே அவரைக் கலைஞர் ஆக்கின.

குனிந்து பார்க்கும் கண்

ரோலிபிளெக்ஸ் ஜெர்மனியில் 1929-ல் வெளிவந்த காமிரா. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள் இருக்கும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் காமிரா அல்ல இது. கழுத்தில் தொங்கவிட்டு, வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியில் உருவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள்தான்.

இந்த அமைப்பு கனுவின் வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது. துப்பாக்கி நீட்டுவதுபோல் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டினால் எவருக்கும் முகம் மாறும். தலை குனிந்து நிற்பவனை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். காமிரா எழுப்பும் ஓசையும் மிகக் குறைவு. பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர் கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆனால் சிரமமும் உண்டு. அந்தக் கண்ணாடியில் உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். வலப்பக்கம் நடப்பவர் இடப்பக்கம் போவதுபோல் இருக்கும். காந்தியடிகளோ வேகமாக நடப்பவர். கூட வருபவர்கள் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டும். அவருக்கு முன்னால் ஓடிப்போய், குனிந்து, மாறித் தெரியும் உருவத்தைச் சரிபார்த்து, தூரத்தையும் வெளிச்சத்தையும் மனத்தால் கணித்து விசையை அழுத்த வேண்டும். ஒருமுறை தவறினால் தவறியதுதான். அண்ணல் திரும்பி வந்து நிற்கமாட்டார். நிற்கச் சொல்லவும் வாயில்லை.

குடிசைக்குள் கஷ்டம் இன்னும் அதிகம். சேவாகிராமக் குடிசை மண் சுவரும் தாழ்ந்த கூரையும் கொண்டது. அந்நாளைய பிலிம் இருட்டைத் தாங்காது. ஆகவே கனு சன்னலையும் வாசலையும் நம்பினார். காலை வெயில் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் விழும், மாலையில் அண்ணல் எங்கே உட்கார்வார் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. வெளிச்சம் வரும்வரை காத்திருந்தார். சில படங்களில் கை அசைந்து கலங்கியிருக்கும். சிலவற்றில் பாதி முகம் நிழலில் மறைந்திருக்கும். இன்று அவற்றைப் பார்ப்பவர்களுக்கு அது குறையாகத் தெரிவதில்லை. அந்த அறைக்குள் தாங்களே நிற்பதுபோல் தோன்றுகிறது.

பிலிமுக்கு வழி

மூன்றாவது நிபந்தனை வயிற்றில் அடிப்பது. பிலிமுக்கும் கழுவும் மருந்துக்கும் காசு வேண்டும். வந்தேமாதரம் பத்திரிகையைச் சேர்ந்த அம்ருத்லால் காந்தி உதவிக்கு வந்தார். கனு எடுக்கும் படங்களுக்காக மாதம் நூறு ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார். வேறு பத்திரிகைகளும் படங்களை வாங்கின. அந்தப் பணத்தில்தான் அடுத்த சுருள் வந்தது.

கனு காமிராவைத் தூக்கிக்கொண்டதால் குமாஸ்தா வேலை குறைந்துவிடவில்லை. கடிதக் கட்டுகளுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே கிடைத்த நிமிடங்களில்தான் படம் எடுத்தார். அதுவே அவருக்குக் கிடைத்த பெரிய வசதியும் ஆனது. வெளியூர்ப் படக்காரர் வந்தால் ஆசிரமமே நிமிர்ந்து உட்காரும். கனு வந்தால் யாரும் நிமிர்வதில்லை. அவர் வீட்டுப் பிள்ளை. காலையில் தபால் கொண்டுவந்தவர். மாலையில் விளக்குத் துடைப்பவர். அவர் கையில் இருந்த காமிராவும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

உலகம் காணாத காந்தி

அப்படி எடுத்த படங்களில் உலகம் வேறொரு காந்தியைக் கண்டது. சேவாகிராமத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்கும் காந்தி. தொழுநோயின் கிருமியைப் பூதக்கண்ணாடிக் கருவியில் குனிந்து பார்க்கும் காந்தி. அந்த நோயால் வாடிய பர்ச்சுரே சாஸ்திரியின் உடம்பைத் தம் கையால் தேய்த்துவிடும் காந்தி. 1940 பிப்ரவரியில் சாந்திநிகேதனத்தில் கவி தாகூருடன் காந்தி. 1945-ல் பம்பாய் பிர்லா மாளிகையில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கும் காந்தி.

இவற்றில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. மேடை இல்லை, மாலை இல்லை. ஒரு கிழவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் உள்ள கவனத்தை எந்த ஸ்டூடியோவிலும் வரவழைக்க முடியாது.

1945 கடைசியிலும் 1946 தொடக்கத்திலும் காந்தியடிகள் வங்காளம், அஸ்ஸாம், தென்னாடு என்று நீண்ட ரயில் பயணம் செய்தார். சென்னையில் தக்ஷிண பாரத ஹிந்தி பிரச்சார சபையின் வெள்ளி விழா முடிந்து மதுரைக்கும் பழனிக்கும் போனது அந்தப் பயணத்தில்தான். வழி நெடுக ரயில் நிலையங்களில் மக்கள் வெள்ளம். நின்ற இடமெல்லாம் ஹரிஜன நிதிக்காக அண்ணல் கையேந்தினார். ரயில் பெட்டியிலிருந்து அவர் வெளியே கையை நீட்டும் காட்சியைக் கனு எடுத்தார். கனுவின் படங்களில் மிகவும் புகழ் பெற்றவற்றில் அது ஒன்று. நாட்டின் தந்தை என்று போற்றப்பட்டவர், மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரின் கோலத்தில், தம் மக்களிடம் பிச்சை கேட்கிறார். அந்தக் கையை அப்படியே வைத்திருங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் நடிப்பாகியிருக்கும்.

கனு என்ற பெயரால் ஒரு குழப்பம் இன்றும் உண்டு. பம்பாய் ஜூஹு கடற்கரையில் ஒரு சிறுவன் கைத்தடியின் முனையைப் பிடித்து அண்ணலை இழுத்துக்கொண்டு ஓடும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அந்தச் சிறுவன் பெயரும் கனுதான். ஆனால் அவர் காந்தியடிகளின் மகன் ராமதாசின் பிள்ளை. 2016-ல் காலமானார். படக்காரர் கனு வேறு.

ஒளிந்து எடுத்தவரும் ஒளியாமல் எடுத்தவரும்

மேல்நாட்டில் இந்தக் கலைக்கு வழி திறந்தவர் எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர். சட்டம் படித்தவர். 1928-ல் சிறிய காமிரா ஒன்றைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போய், கொலை வழக்கு விசாரணையைப் படம் பிடித்தார். பிறகு பெரிய நாட்டு மந்திரிகள் கூடிய மாநாடுகளில் அவர்கள் அசந்து உட்கார்ந்திருப்பதையும் கொட்டாவி விடுவதையும் எடுத்தார். அவர் படங்களைப் பார்த்துத்தான் லண்டன் பத்திரிகை ஒன்று கேண்டிட் காமிரா என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தது. யூதராகப் பிறந்த குற்றத்துக்காக 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள்.

சாலமன் ஒளிந்து எடுத்தார். கனு ஒளியவில்லை. தாம் படம் எடுப்பது அண்ணலுக்குத் தெரியும். அண்ணலுக்குத் தெரியும் என்பது கனுவுக்கும் தெரியும். திருடாமல், நிறுத்தாமல், நம்பிக்கையால் எடுத்த படங்கள் அவை.

1946-ல் அமெரிக்காவின் லைப் பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-வைட் என்ற பெண்மணி காந்தியடிகளைப் படம் எடுக்க வந்தார். முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கற்றுக்கொண்டு வந்தார். பிளாஷ் பல்புகள் மூன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் கைகொடுக்கவில்லை. மூன்றாவதில் படம் கிடைத்தது. ராட்டையின் பின்னால் அண்ணல் அமர்ந்து படிக்கும் அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. உலகப் புகழ் பெற்றவருக்கு மூன்று பல்புகள் கிடைத்தன. வீட்டுப் பிள்ளையான கனுவுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

எடுக்காத படம்

கனுவின் வாழ்க்கையில் மிகவும் கடினமான நாள் 1944 பிப்ரவரி 22. பூனாவில் ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளும் கஸ்தூரிபா அன்னையும் காவலில் இருந்தார்கள். அன்னையின் உடல்நிலை மோசமானதும் பணிவிடைக்காகக் கனுவை உள்ளே இருக்க அரசாங்கம் அனுமதித்தது. அன்று மாலை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்த கணவரின் மடியில் தலை வைத்து அன்னை உயிர் துறந்தார்.

கனுவின் கண் முன்னே அந்தக் காட்சி. பத்திரிகைகள் எதற்கும் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் காட்சி. கனு கலைஞர். அந்த நிமிடத்தின் பெருமை அவருக்குத் தெரியாமல் இராது. ஆனால் அன்னையின் கடைசி நிமிடங்களைப் படம் எடுக்க அண்ணல் அனுமதி தரவில்லை. கனு எடுக்கவில்லை.

அன்னையிடம் வளர்ந்த பிள்ளை அவர். அங்கே அவர் பேரனாக மட்டும் நின்றார். எந்த நிமிடத்தில் விசையை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் பலர் உண்டு. எந்த நிமிடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சிலர்தான்.

கடைசி நாளில் இல்லாதவர்

அதே 1944-ல் கனுவுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஆபா. வங்காளப் பெண். ஆசிரமத்தில் அண்ணலின் பணிவிடையில் இருந்தவர். ஆபாவையும் மற்றொரு பேத்தி முறையான மனுவையும் காந்தியடிகள் தம் கைத்தடிகள் என்று சொல்லுவார். இருவர் தோளிலும் கை வைத்தபடிதான் பிரார்த்தனைக்கு நடப்பார்.

1946 அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளியில் கலவரம் வெடித்தது. காந்தியடிகள் அங்கே போனார். கூட வந்தவர்களை ஆளுக்கொரு கிராமத்தில் தங்கவைத்து, பயந்து கிடந்த மக்களுக்குத் துணையாக இருக்கச் சொன்னார். கனுவும் அப்படித் தங்கியவர்களில் ஒருவர். அண்ணல் அங்கிருந்து புறப்பட்டு பீகார், கல்கத்தா, டில்லி என்று போனபிறகும் கனு நவகாளிப் பணியை விடவில்லை.

1948 ஜனவரி 30. டில்லி பிர்லா மாளிகை. அன்று போர்க்-வைட் அண்ணலைப் பேட்டி கண்டுவிட்டுப் போனார். பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரசோனும் அன்று அண்ணலைச் சந்தித்து, தம் படங்கள் அடங்கிய புத்தகத்தைக் காட்டிவிட்டுப் போனார். மாலை ஐந்து மணி தாண்டி, ஆபா ஒரு பக்கமும் மனு மறுபக்கமும் தாங்க, அண்ணல் பிரார்த்தனை மேடையை நோக்கி நடந்தார். கோட்சேயின் மூன்று குண்டுகள் அவரைச் சாய்த்தன. அடுத்த நாள் நடந்த இறுதி ஊர்வலத்தை உலகப் படக்காரர்கள் எடுத்தார்கள்.

பத்து ஆண்டுகள் நிழலாகத் தொடர்ந்த கனு அங்கே இல்லை. அவர் நவகாளியில் இருந்தார். அண்ணல் சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவி. கனுவின் காமிரா நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது.

தலைவரின் அருகில் நின்று படம் எடுக்கும் பெருமையா, தலைவர் கொடுத்த வேலையா என்ற கேள்விக்கு அவர் எப்போதோ விடை கண்டுவிட்டார். படம் அவருக்கு இரண்டாவது. பணி முதலாவது.

அமைதியாக ஒரு முடிவு

அண்ணல் மறைந்தபின் கனுவும் ஆபாவும் குஜராத்தில் ராஜ்கோட் பக்கம் குடியேறினார்கள். 1939 ராஜ்கோட் போராட்டத்தில் கஸ்தூரிபா அன்னை காவலில் வைக்கப்பட்ட இடம் அருகில் உள்ள திராம்பா கிராமம். அங்கே கஸ்தூரிபாதாம் என்ற நிலையத்தில் கிராமப் பணியைத் தொடர்ந்தார்கள். தாம் எடுத்த படங்களைக் காட்டிப் பதவியோ பட்டமோ தேடவில்லை. 1986 பிப்ரவரி 20 அன்று, தீர்த்த யாத்திரை சென்ற இடத்தில் கனு மாரடைப்பால் காலமானார்.

பாடப் புத்தகத்திலும் நாள்காட்டியிலும் அவர் எடுத்த படங்களை நாடு பார்த்தது. எடுத்தவர் பெயரைப் பலர் அறியவில்லை. அவர் மறைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2015-ல் டில்லியின் நசர் அறக்கட்டளை அவர் படங்களைத் தொகுத்துத் தனிப் புத்தகமாக வெளியிட்டது. அதன்பிறகே கலை உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இன்று மர்பி டவுனில் ஒரு வீட்டில் காது குத்தல் நடந்தாலும் இருபது செல்போன்கள் உயர்கின்றன. பிளாஷ் பளிச்சிட்டுக் குழந்தை வீறிடுகிறது. துக்க வீட்டில் பிணத்தின் முகத்தருகே கூடச் செல்போன் நீள்கிறது. கையில் இருக்கும் கருவி கனுவின் ரோலிபிளெக்சைவிடப் பல மடங்கு வசதியானது. பிலிம் செலவும் இல்லை. இல்லாதது அந்த மூன்று நிபந்தனைகள்தான்.

அடுத்த விசேஷத்தில் படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் பிளாஷை அணைத்துவிட்டுச் சன்னல் பக்கம் நின்று பார்க்கலாம். யாரையும் கூப்பிடாமல் சற்றுக் காத்திருக்கலாம். பாட்டி தானாகச் சிரிப்பார். அது எந்தத் திரைச்சீலைக்கு முன்னாலும் கிடைக்காத படம். யாராவது ஒருவர் தாளமுடியாமல் அழுதால் அப்போது செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் தோளைத் தொடலாம். கனு காந்தி அதைத்தான் செய்திருப்பார்.